ஈய முத்திரையோடு மாதேஸ்வரன் மலைக்கு: 292 கிலோமீட்டர்

1994-இல் மைசூரில் ஒரு மோட்டார் கிளப் என் காரின் போட்டி நேரத்தைச் செல்லாது என்று அடித்துவிட்டது. எஞ்சினைத் திறந்து பார்க்காமலேயே அடித்தது. நான் இங்கே சொல்லப்போவது அந்த அநியாயத்தைப் பற்றி. மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலைக்குக் காரில் போகிற வழியும், தூரமும், நேரமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. வழி மட்டும் போதும் என்பவர்கள் அநியாயத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரித்து எழுத எனக்கு வராது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நஞ்சன்கூடு சாலையில் அப்போது விமானம் வராத ஒரு பழைய ஓடுதளம் இருந்தது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் அதை வாடகைக்கு வாங்கி, கூம்புகளை வரிசையாக வைத்து, வளைத்து வளைத்து ஓட்டும் நேரப் போட்டி நடத்தும். அதில் 'சாலைக் கார்' என்று ஒரு பிரிவு. தினமும் சாலையில் ஓடுகிற கார்களுக்கு மட்டும். என்னுடையது 1978-ஆம் வருடத்து வெந்தய நிறப் பத்மினி. 1994-இல் அதை ஒரு நிமிடம் 31.4 விநாடியில் ஓட்டினேன். இரண்டாவதாக வந்தவர் என்னைவிட மூன்று விநாடி பின்னால்.

பரிசு கொடுக்கும் முன் கிளப்பின் பொருளாளர் மைக்கில் சொன்னார்: "இந்த எஞ்சினின் சிலிண்டரை அளவுக்கு மேல் குடைந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த நேரம் வராது." திறந்து பாருங்கள் என்றேன். தேவையில்லை என்றார்கள். நான் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். ஒரு குமாஸ்தா தன் வீட்டு ஷெட்டில் இதைச் செய்திருக்க முடியாது, கோயம்புத்தூரில் யாரோ செய்து கொடுத்த எஞ்சின் என்று அவர்களுக்குள் ஒரு முடிவு. என் தாளில் சிவப்பு மையில் ஒரு கோடு. வெற்றிப் பலகையில் 1994-க்கு எதிரே ஒரு சிறு கோடு. ஆள் இல்லை என்று அர்த்தம்.

நான் குடையவில்லை. செய்தது என்னவென்றால்: சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினேன். எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தைக் கடைந்து எடை குறைத்தேன். காற்று போகிற துவாரங்களை நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன், அதற்குப் பதினோரு வாரம் ஆயிற்று. நான்கு பிஸ்டனையும் நான்கு கனெக்டிங் ராடையும் அசோகா சாலையில் ஒரு நகைக்கடைத் தராசில் நிறுத்து, நான்கும் ஒரே எடை வரும்வரை அரத்தால் ராவினேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் எனக்கு நாற்காலி போட்டார். இதெல்லாம் விதிக்குள் அடங்கியது. சிலிண்டரின் விட்டம் ஆலையிலிருந்து வரும்போது 68 மில்லிமீட்டர். தேய்மானத்துக்காக 68.6 வரை போகலாம் என்பது கிளப்பின் விதி. அதைத் தாண்டினால்தான் குற்றம்.

இரண்டு வருடம் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் என் கடிதங்களின் தொல்லை தாங்காமலோ என்னவோ, 1996-இல் புது விதி வந்தது. சாலைக் கார் பிரிவில் ஓட்டுகிறவர், போட்டிக்கு முந்தின நாள் கிளப்பின் பார்வையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன் எஞ்சினுக்கு முத்திரை வைப்பார்கள். ஹெட்டின் இரண்டு நட்டுகளில் துளை போட்டு, செம்புக் கம்பி கோத்து, முனையில் ஈயத் துண்டை வைத்துக் குறடால் நசுக்கினால் ஈயத்தில் கிளப்பின் எழுத்து பதியும். கம்பியை அறுக்காமல் ஹெட்டைத் திறக்க முடியாது. ஜெயித்தால் மட்டும் முத்திரையை வெட்டி அளந்து பார்ப்பார்கள்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். வழியை ஓட்டுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் எல்லாம் பெங்களூர் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா என்று நேர்கோட்டில் போய் வந்தார்கள். நான் மாதேஸ்வரன் மலை என்று எழுதிக் கொடுத்தேன். போக 146, வர 146. மலை ஏறி இறங்கிய எஞ்சினைச் சாலை எஞ்சின் இல்லையென்று எவனும் சொல்ல முடியாது. என் மனைவி சரோஜாவுக்கும் அந்த மலையில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. வண்டிக்குப் பூஜை போடுவதாக அவள் 1994-லேயே நேர்ந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. முத்திரையை முந்தின நாள் மாலையே கிளப் ஷெட்டில் வைத்துவிட்டார்கள். காலை 5.40-க்கு யாதவகிரி வீட்டிலிருந்து கிளம்பினேன். டிக்கியில் கருவிப் பெட்டி, நட்டுகளை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட் தகடு புதுசு ஒன்று, எஞ்சின் எண்ணெய் நான்கு லிட்டர், தண்ணீர் இருபது லிட்டர்.

"ஊர்ல எல்லாரும் மலைக்குப் போனா கட்டுச்சோறு எடுத்துக்குவாங்க. நீங்க கேஸ்கெட் எடுத்துக்கறீங்க" என்றாள் சரோஜா. ஒரு ஃபிளாஸ்க் காபியைக் கையில் திணித்தாள். "பூஜையை மறந்துட்டு வந்தீங்க, நானே அந்த ஈயத்தைக் கடிச்சுத் துப்பிடுவேன்."

பார்வையாளரை ஏற்றிக்கொள்ளக் கிளப்புக்குப் போனேன். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. 1994-இல் என் தாளில் சிவப்புக் கோடு போட்டவர் இவர்தான். பெயர் சம்பத். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவர். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம். நெற்றியில் பளிச்சென்று நாமம். கையில் ஒரு தோல் பை, ஒரு சம்புடம்.

"நமஸ்காரம் சார். 5.55-ன்னு எழுதிக்கறேன்" என்றார்.

"5.53" என்றேன்.

தன் கடிகாரத்தைப் பார்த்தார். என் கடிகாரத்தையும் பார்த்தார். 5.54 என்று எழுதினார்.

தி. நரசிபுரம் வரை 31 கிலோமீட்டர். சாலை அப்போது ஒற்றைச் சாலைதான், ஆனால் குழி குறைவு. நரசிபுரத்தில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் காபியை ஊற்றி அவருக்கு நீட்டினேன். "வேண்டாம் சார். பார்வையாளர் போட்டியாளர்கிட்டே ஒண்ணும் வாங்கக் கூடாது. விதி." நான் இரண்டு பங்கையும் குடித்தேன்.

கொள்ளேகாலை 7.20-க்குத் தொட்டோம். மொத்தம் 63 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்கு எதிரே செட் தோசை நல்ல தோசை. அங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். லிட்டர் இருபத்திரண்டு ரூபாய் சில்லறை, பதினைந்து லிட்டர் போட்டேன். மேலே போனால் நம்பிக்கையான பங்க் கிடையாது. பங்கில் இருந்தவர் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, பத்மினிக்குள்ள புலியக் கிலிய அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்றார். சம்பத் சார் தன் புத்தகத்தில் ஏதோ எழுதினார். புலியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

ஹனூர் 25 கிலோமீட்டர், 7.50-க்குக் கிளம்பி 8.20. அங்கிருந்து கௌதள்ளி 14. கௌதள்ளியிலிருந்து மலையடிவாரமான தாளபெட்டா 24. அந்த வருடங்களில் இந்தக் காட்டில் போலீஸ் சோதனைச் சாவடி அதிகம். எல்லாச் சாவடியிலும் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கேஸ்கெட்டைப் பார்த்த ஒரு காவலர் அது என்னவென்று கேட்க, நான் விளக்க ஆரம்பிக்க, பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். மாலை ஆறு மணிக்கு மேல் மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறது.

தாளபெட்டாவிலிருந்து உச்சிக்கு 20 கிலோமீட்டர். இதற்காகத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். மூங்கில் காடு, அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். வேகத்தைக் காட்ட வேண்டிய இடம் அல்ல, பஸ்கள் நடுச்சாலையில்தான் வரும். ஆனால் வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்து, கியர் மாற்றாமல், எஞ்சின் முனகாமல் மேலே வர முடிந்தால் உங்கள் எஞ்சின் சரியாகக் கட்டப்பட்டது என்று அர்த்தம். எல்லா வளைவிலும் இரண்டாவது கியர்தான். ஏழாவது எட்டாவது வளைவில் சம்பத் சார் தன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை.

"ஃப்ளைவீல எத்தனை எடை கொறைச்சேள்?" என்று கேட்டார். அன்று விதியைப் பற்றியில்லாமல் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ரெண்டு கிலோ நூறு."

"யார் பண்ணிக் கொடுத்தா?"

"இந்தக் கைதான் சார்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

10.15-க்கு உச்சி. வண்டி நிறுத்தும் திடலில் வண்டிப் பூஜைக்கென்றே ஆட்கள் இருப்பார்கள். எனக்கு அமைந்தவர் மாதையன் என்பவர், ஐம்பது வயது இருக்கும், ஹனூர்ப் பக்கத்துப் பேச்சு. ஐம்பத்தொரு ரூபாய். எலுமிச்சம்பழம் நான்கு, பூசணிக்காய், தேங்காய் எல்லாம் அதில் அடக்கம். போகிறவர்கள் இதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

"ஏனுங்க சாமி, பேனட்டத் தொறந்து வையுங்க. எஞ்சினுக்கும் பொட்டு வெக்கோணும்" என்றார் மாதையன்.

திறந்து வைத்தேன். "அந்தக் கம்பி கிட்டே போகாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். கார் சம்பத் சார் பொறுப்பில் இருக்கிறது என்ற தைரியத்தில், தேங்காயைக் கழுவிக்கொண்டு வரக் குழாயடிக்குப் போனேன். இருபது தப்படி இருக்கும்.

திரும்பி வந்தபோது மாதையன் ஒரு கையில் பாக்குவெட்டியும், மறு கையில் அறுந்த செம்புக் கம்பியும் ஈயத் துண்டுமாக நின்றார்.

"பழைய காப்புங்க. யாரோ மந்திரிச்சுக் கட்டினது போல. பழசு இருக்கறப்ப அதுக்கு மேல புதுசு கட்டக் கூடாதுங்க, சாமி குத்தம் ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அந்த நட்டுகளில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே வருகிற லாரிகளில் பாதிக்கு எஞ்சினில் ஏதாவது செம்புக் கம்பி, தகடு கட்டியிருக்கும். வருடா வருடம் பழசை வெட்டிப் புதுசு கட்டுவதுதான் அவர் வேலை. பத்து நிமிடம் அவர்மேல் கோபமாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் சம்பத் சார்? அவர் காரை விட்டு நகரவில்லை. காருக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. சிவன் கோயில் பூஜை, மாதையன் கைநிறையத் திருநீறு வைத்துக்கொண்டு கண்ணில் பட்ட நெற்றிக்கெல்லாம் பூசிக்கொண்டிருந்தார். தன் நாமத்தின்மேல் திருநீறு விழுந்துவிடக் கூடாது என்று சம்பத் சார் மூங்கில் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

திரும்பிப் பார்த்தார். ஈயத் துண்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஆச்சு. முத்திரை போச்சு, போட்டியும் போச்சு. நான் என்ன பண்ணட்டும்? அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு என்ன போகிறதென்று அவருக்குத் தெரியாது. 1994-இல் பிடிபட்டான், 1996-இல் முத்திரையை அறுத்தான் என்று நாளைக்கே ஊர் சொல்லும். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் நான் எத்தனை கடிதம் எழுதினாலும் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

சட்டைப் பையிலிருந்து விதித் தாளை எடுத்தேன். எப்போதும் வைத்திருப்பேன். "விதி ஒன்பது, நீங்களே வாசிங்க சார்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'போட்டியாளரின் கையால் அல்லாது முத்திரை கலைந்தால், பார்வையாளர் எஞ்சினை அளந்து மறுமுத்திரை இடலாம்.'

"அது இங்கே ஆகாது சார். மைசூர்ல, கிளப் ஷெட்டுல..."

"எந்த இடம்னு போட்டிருக்கா?"

"போடலே. ஆனா இடலாம்னுதான் இருக்கு, இட வேண்டும்னு இல்லே."

"சரி சார். அப்ப முத்திரை எப்படிக் கலைஞ்சதுன்னு நீங்க அறிக்கையில எழுதணும் இல்லையா? எழுதுங்க. பார்வையாளர் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தார்னும் எழுதுங்க. திருநீறுக்குப் பயந்து காட்டைப் பார்த்து நின்னேன்னு."

அவர் விதித் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பக்கத்தில் மேட்டூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மினி லாரிக்குப் பூஜை போடக் காத்திருந்தது. அதில் ஒருவர், பெரிய மீசைக்காரர், "வாத்தியார் மாட்டிக்கிட்டாருடா" என்று யாரிடமோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"திறங்கோ" என்றார் சம்பத் சார்.

சூடான எஞ்சினின் ஹெட்டைத் திறக்கக் கூடாது. அலுமினிய ஹெட், வளைந்துவிடும். இதைப் படிக்கிற இளைஞர்கள் எத்தனை பேர் இந்தத் தவறைச் செய்து என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆற விட்டேன். அதற்குள் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். சம்பத் சார் இந்தத் தடவை காரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாதையன் குற்ற உணர்ச்சியில் அவருக்கு நிழலுக்குக் குடை பிடித்தார்.

12.10-க்கு ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். காற்றில் புழுதி வந்தது. சிலிண்டருக்குள் ஒரு சிட்டிகைப் புழுதி போனாலும் என் பதினோரு வாரம் வீண். மாதையனே ஒரு பந்தல் துணியைக் கொண்டு வந்து, மேட்டூர்க்காரர்களை நான்கு மூலையில் பிடிக்க வைத்தார். கழற்றிய நட்டுகளை எதில் வைப்பது என்று பார்த்தேன். பூஜைத் தாம்பாளத்தைத் துடைத்து நீட்டினார். ஒவ்வொரு நட்டையும் கழற்றின வரிசையிலேயே தாம்பாளத்தில் சுற்றி வைத்தேன். நடுவில் குங்குமக் கிண்ணம் இருந்தது, அதை எடுக்க அவர் ஒப்பவில்லை.

1.05-க்கு ஹெட் கையோடு வந்தது. நான்கு சிலிண்டர்களும் வெயிலில் பளபளத்தன. இரண்டு வருடம் யாரும் பார்க்க மறுத்தது, முப்பது பேருக்கு முன்னால் திறந்து கிடந்தது.

சம்பத் சார் தோல் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். நன்றாகத் துடைத்தார். மீசைக்காரர் குனிந்து, "எத்தனை வந்தா பாஸுங்க?" என்றார்.

"அறுபத்தெட்டு புள்ளி ஆறு வரைக்கும் பாஸ். அதுக்கு மேல ஃபெயில்" என்றேன்.

"கொறைய வாங்கினா பாஸா? இதென்ன கூத்துங்க."

முதல் சிலிண்டர். சம்பத் சார் காலிப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறக்கினார். மறுபடியும் வைத்து அளந்தார். பிறகு குறுக்கு வாட்டில் அளந்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றேன். 1994-இல் மைக்கில் சொன்னார்களே.

"அறுபத்தெட்டு புள்ளி ரெண்டு."

"பாஸு!" என்றார் மீசைக்காரர்.

இரண்டாவது, 68.2. மூன்றாவது, 68.2. துணியைப் பிடித்திருந்தவர்களும் எட்டிப் பார்த்ததில் ஒரு மூலை என் தலையில் சரிந்தது. நான்காவது சிலிண்டருக்கு அவர் நேரம் எடுத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன்.

"அறுபத்தெட்டு புள்ளி ரெண்டு. நாலும் ஒண்ணு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சார், நாலும் ஒண்ணா இருக்கு. எங்க லேபுல மெஷின்ல பண்ணினாலே இப்படி வராது."

"உகே மாதப்பா, உகே உகே!" என்று மாதையன் குரல் கொடுத்தார். மலையில் சாமிக்குப் போடுகிற கோஷம். முப்பது பேரும் சேர்ந்து போட்டார்கள். என் நான்கு சிலிண்டருக்குக் கிடைத்த அந்தக் கோஷத்தை நான் எந்தக் கோப்பைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கண் கலங்கினேனா என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். எனக்கு வேலை இருந்தது. புது கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து வெளியே குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்சில் மூன்று சுற்று இறுக்கினேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பினேன். வால்வுகளைத் திறக்கும் டாப்பெட்டுகளின் இடைவெளியை ஒன்றொன்றாகச் சரியாக வைத்தேன். 3.10-க்கு ஸ்டார்ட் செய்தேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூட்டோடு மறுபடி ஒரு தடவை இறுக்கினேன். புது கேஸ்கெட் உட்கார்ந்த பிறகு அது அவசியம். முத்திரை வைத்துவிட்டால் பிறகு நட்டைத் தொட முடியாது. கேஸ்கெட் கசிந்தால் கசிந்ததுதான், ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

3.50-க்குச் சம்பத் சார் தோல் பையிலிருந்து குறடை எடுத்து, புதுக் கம்பி கோத்து ஈயத்தை நசுக்கினார். மாதையன் தள்ளி நின்று, "இதுவும் மந்திரிச்சதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. இதைத் தொட்டா எனக்குத்தான் குத்தம்" என்றார் சம்பத் சார்.

கிளம்பும்போது மாதையன் அந்தப் பாக்குவெட்டியை என் கையில் வைத்தார். "இது இனி எங்கிட்ட வேணாங்க." எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இறங்கும்போது எஞ்சினுக்குப் பாரம் கொடுக்காமல் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே வந்தேன். 4.45-க்குத் தாளபெட்டா. சாவடியில் ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கௌதள்ளி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி ரேடியேட்டரைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சம்பத் சார் அப்போதுதான் சம்புடத்தைத் திறந்தார். புளியோதரை. மேல்கோட்டைக்காரர்கள் வீட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். பாதியை ஒரு இலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"விதி இருக்கே சார்?" என்றேன்.

"போட்டியாளர்கிட்டே வாங்கத்தான் கூடாது. கொடுக்கலாம்."

சாப்பிட்டோம். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தொண்ணூத்தி நாலுல பொருளாளர் சொன்னார், நான் கோடு போட்டேன். கையில காலிப்பர் இருந்துது. ஆனா போய் அளக்கலே."

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால் இரண்டு வருடம் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். "எழுதிக் கொடுங்க" என்றேன். கொள்ளேகாலில் நிறுத்தித் தன் அறிக்கைத் தாளின் பின்பக்கம், அளக்காமல் கோடு போட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். 8.15-க்கு மைசூர். கார் அன்று இரவு கிளப் ஷெட்டில் பூட்டியிருந்தது.

ஞாயிறு காலை 8.30-க்கு ஓட்டம். பதினான்கு கார்கள். என்னுடையது ஒன்பதாவது. கூம்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒரு நிமிடம் 30.6 விநாடி. இரண்டாவதாக வந்தவர் ஒரு நிமிடம் 33.9. 1994-இல் வரவே வராது என்று அவர்கள் சொன்ன நேரத்தைவிட 0.8 விநாடி குறைவு. முத்திரையை எல்லோர் முன்னிலையிலும் வெட்டி அளந்தார்கள். நான்கும் 68.2. மைக்கில் அளவைச் சொன்னவர் சம்பத் சார். பொருளாளர் அப்போது ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

0.8 விநாடி மாதேஸ்வரன் கொடுத்தது என்று சரோஜா இன்றும் சொல்கிறாள். மலையில் டாப்பெட்டைப் புதிதாக வைத்ததுதான் காரணம் என்பது என் கட்சி. இருபத்தெட்டு வருடமாக வீட்டில் இந்த வழக்கு நடக்கிறது.

இனிப் போகிறவர்களுக்கு. தூரமெல்லாம் என் ஓடோமீட்டர் காட்டிய 1996 கணக்கு. இப்போது சாலை அகலமாகிவிட்டது, நேரம் குறையும். மலைப்பாதையின் நேரக் கட்டுப்பாட்டைக் கொள்ளேகாலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிப் பூஜை போட்டால் பேனட்டைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

வெற்றிப் பலகையில் 1996-க்கு எதிரே என் பெயர் இருக்கிறது. 1994-க்கு எதிரே இன்னும் அந்தக் கோடு இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கோட்டுக்கும் சேர்த்து. ஆகையால்:

கிளப்பின் இப்போதைய செயலாளர் அந்தப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, 1994-க்கு எதிரே என் பெயரையும் 1 நிமிடம் 31.4 விநாடி என்பதையும் எழுத வேண்டும். மற்றப் பெயர்கள் எந்த உயரமோ அதே உயரத்தில், அதே வெள்ளையில். சின்ன எழுத்தில் ஓரமாக எழுதினால் திரும்ப வருவேன்.

நேரக் காப்பாளர்கள் சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து, சம்பத் சார் அறிக்கையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததை அதனோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அதன் நகல் வேண்டுமென்றால் என்னிடம் மூன்று இருக்கிறது.

பழைய பொருளாளர், இன்னும் கிளப்புக்குச் சீட்டாட வருகிறாராம், ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்து ஒரு கனெக்டிங் ராடைக் கையில் எடுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் யார் செய்தது என்று பிறகு சொல்லட்டும்.

நான் செய்ய வேண்டியது, பத்மினியை ஓட்டிக்கொண்டு கிளப் வாசலுக்குப் போவது. வண்டி இன்றும் ஓடுகிறது, நான்கும் 68.2-தான். சந்தேகம் இருக்கிறவர்கள் அவர்கள் கையாலேயே ஈயத்தை நசுக்கி முத்திரை வைக்கட்டும். வெட்டுவதற்கு மாதையன் கொடுத்த பாக்குவெட்டியை நான் கொண்டுவருகிறேன்.